தடவிப் பார்க்கத் தெரிந்த கை

தீபாவளி முடிந்து திருச்சியிலிருந்து சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின் இருக்கையில் அம்மாவும் மகளும் தூக்கத்தில் இருந்தார்கள். திருமாந்துறை சுங்கச்சாவடியைத் தாண்டிச் சிறிது நேரத்தில் ஸ்டியரிங் இடது பக்கம் கனத்தது. காற்று இறங்குகிறது என்று புரிந்துகொண்டு மெல்ல உருட்டிப் போய், தொழுதூர் அருகே சாலையோரப் பஞ்சர் கடை ஒன்றில் நிறுத்தினேன்.

கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினார். ஆணி எங்கே என்று தேடுவார் என நினைத்தேன். அவரோ காரின் அடிப்பக்கம் பார்த்திருந்த பக்கத்தை மேலாக வைத்துச் சக்கரத்தைத் தரையில் படுக்கப் போட்டு, என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இதப் பாத்தீங்களா?"

வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் எல்லாம் நன்றாக இருந்த டயர் அது. உள்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை. கம்பி மினுமினுத்தது. சின்னச் சரளைக்கல் ஒன்று அந்த இடத்தில்தான் குத்தி இறங்கியிருந்தது. அந்த டயரை நம்பித்தான் பெரம்பலூர் வரை நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்திருக்கிறேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பின் கதவைத் திறந்து, மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த வருடம் மட்டும் மூன்று முறை வீல் அலைன்மென்ட் செய்திருந்தேன். எங்கள் பகுதியில் பெயர் பெற்ற கடை. கணினித் திரை, கேமரா எல்லாம் உண்டு. ஒவ்வொரு முறையும் கொடுத்த அச்சுத்தாளை டேஷ்போர்டு பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன். மூன்றிலும் எல்லா எண்களும் பச்சை. அப்படியிருந்தும் டயர் கம்பி வரை தேய்ந்திருக்கிறது. எப்படி? இந்தக் கேள்வியோடுதான் ஊர் வந்து சேர்ந்தேன். பிறகு பல மாதங்கள் மெக்கானிக்குகளிடம் கேட்டும், காருக்கு அடியில் படுத்துப் பார்த்தும் தெரிந்துகொண்டதை இந்த வாரம் எழுதுகிறேன்.

பெரியவர் அன்றே பாதி விடையைச் சொல்லிவிட்டார். ஸ்டெப்னியை மாட்டிய பிறகும் ஜாக்கியை இறக்கவில்லை. சக்கரத்தைக் கடிகாரம்போல வைத்து, மூன்று மணி, ஒன்பது மணி இடங்களில் இரு கையாலும் பிடித்து ஆட்டினார். ஆடவில்லை. பன்னிரண்டு, ஆறு இடங்களில் ஆட்டினார். அதுவும் ஆடவில்லை. "டை ராட் எண்டு நல்லாருக்கு, பேரிங்கும் நல்லாருக்கு" என்றார். பிறகு ஒரு கடப்பாரையைக் கொடுத்து லோயர் ஆர்மை லேசாக நெம்பினார். ஆர்மை வண்டியோடு பிணைக்கிற ரப்பர் புஷ் வாயைப் பிளந்தது. "நிக்கிறப்ப நேரா நிக்கும் தம்பி. ஓடுறப்ப கோணிக்கும்."

அச்சுத்தாள் எடுத்தது நின்றுகொண்டிருந்த வண்டியில். பிரேக் போடும்போதும் குழியில் இறங்கும்போதும் கிழிந்த புஷ் நெகிழ்ந்து, சக்கரத்தின் கோணம் மாறிவிடுகிறது. கணினி பொய் சொல்லவில்லை. அளப்பதற்கு முன் இந்தப் புஷ்ஷையும் ஜாயிண்டையும் நெம்பிப் பார்க்க வேண்டியது மனிதர்களின் வேலை. மூன்று முறையும் அதை யாரும் செய்யவில்லை. என் கோபமெல்லாம் அதில்தான்.

அலைன்மென்ட்டில் மூன்று கோணங்கள் உண்டு. காரை மேலிருந்து பார்க்கும்போது முன் சக்கரங்களின் மூக்குகள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே திரும்பியிருந்தால் டோ-இன், விலகியிருந்தால் டோ-அவுட். முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். மூன்றாவதான கேஸ்டர், ஸ்டியரிங் திரும்பும் அச்சு முன்னும் பின்னுமாகச் சாய்ந்திருக்கும் அளவு. இது டயரைப் பெரிதாகத் தின்பதில்லை. வண்டி நேராக ஓடுவதிலும், திருப்பிய ஸ்டியரிங் தானே திரும்பி வருவதிலும்தான் இதன் பங்கு தெரியும்.

டயருக்குப் பெரிய எதிரி டோ. ஒரு சக்கரம் ஓடவேண்டிய திசையிலிருந்து கால் டிகிரி விலகி உருண்டால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 4.4 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. திருச்சியிலிருந்து சென்னை ஏறத்தாழ 330 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம் அந்த டயர் உருளாமல் தார்ச்சாலையில் உரசிக்கொண்டே வருகிறது. கால் டிகிரி என்பது கண்ணுக்குத் தெரியாது. கைக்குத் தெரியும்.

அதைத்தான் பெரியவர் காட்டிக்கொடுத்தார். வலது முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து, வெளிப்பக்கத்திலிருந்து காரின் உள்பக்கமாகத் தடவச் சொன்னார். சொரசொரவென்று உறுத்தியது. அப்படியே திரும்பி வெளியே தடவினேன், வழுக்கியது. ஒவ்வொரு பட்டனின் ஒரு விளிம்பும் ரம்பப் பல்போலக் கூராகியிருந்தது. உள்ளே போகும்போது உறுத்தி, வெளியே வரும்போது வழுக்கினால் டோ-அவுட்; உள்விளிம்பு தேயும். இதற்கு நேர்மாறாக இருந்தால் டோ-இன், வெளிவிளிம்பு தேயும். இதைத் தெரிந்துகொள்ளக் கருவி ஏதும் வேண்டாம், கையில் கரி ஒட்டும் என்பதைப் பொறுத்துக்கொண்டால் போதும். கம்பி வெளியே வந்துவிட்ட டயரில் மட்டும் இப்படித் தடவாதீர்கள், கை கிழிந்துவிடும்.

ஒரு விளிம்பு தேய்ந்திருந்தும் இந்த ரம்பப் பல் இல்லாமல் வழவழவென்று இருந்தால் கேம்பரைச் சந்தேகிக்கலாம். இரண்டு விளிம்பும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். "எத்தனை பாயிண்ட் வைக்கட்டும்?" என்று கேட்கும்போது நம்மில் பலர் பழக்கத்தில் ஒரு எண்ணைச் சொல்லிவிடுகிறோம். உங்கள் வண்டிக்கான எண் பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் சட்டத்தில் ஒட்டியிருக்கும். ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்பதும் பல வண்டிகளில் அங்கேயே இருக்கும். டயர் சூடேறுவதற்கு முன் வைக்க வேண்டிய அளவு அது.

சட்டப்படி காருக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பள்ளம் இருக்க வேண்டும். அந்த அளவு வந்துவிட்டதைக் காட்ட டயரின் வரிப்பள்ளங்களுக்குள் சின்ன மேடுகள் உண்டு. ஆனால் அவை பெரிய பள்ளங்களில்தான் இருக்கும். உள்விளிம்பு கரைந்து கம்பி தெரியும்போதும் நடுப் பள்ளத்து மேடு "இன்னும் ஓடலாம்" என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே மாதம் ஒருமுறை ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து நிறுத்தி, இறங்கிப்போய் முன் டயர்களின் உள்பக்கத்தைப் பாருங்கள். ஒரு சக்கரம் தரையைத் தொடுவது ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு இடம்தான். கார்த்திகை மழையில் அந்த உள்ளங்கை தண்ணீரை ஒதுக்கியாக வேண்டும்.

ஸ்டெப்னி என்றேனே, அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. அது ஒரு தெருவின் பெயர். 1904 வாக்கில் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் அவசரத்துக்கு மாட்டிக்கொள்ளும் சக்கரம் ஒன்றைச் செய்து விற்றார்கள். அதற்கு முன் கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமல்தான் வந்தன. அந்தத் தெருப் பெயர் கடல் கடந்து வந்து நம் ஊர்ப் பஞ்சர் கடைகளில் இன்றும் புழங்குகிறது. உங்கள் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று இந்த வாரம் பார்த்துவிடுங்கள்.

எல்லாக் கோளாறையும் அலைன்மென்ட் தலையில் கட்டுவதும் தவறு. எண்பது, தொண்ணூறு வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் முதலில் பார்க்க வேண்டியது பேலன்ஸிங். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் காற்றைச் சரிபார்த்துவிட்டு, முன் டயர்கள் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் பாருங்கள் (ஒரே திசையில் மட்டும் ஓடவேண்டிய டயர்களில் இதைச் செய்யக் கூடாது). இழுப்பும் பக்கம் மாறினால் குறை டயரில்தான். ஓடி நின்ற பிறகு ஒரு ரிம் மட்டும் அனலாக அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. நம் சாலைகள் மழைநீர் வடிவதற்காக இடது ஓரம் சரிந்திருப்பதால் லேசாக இடது பக்கம் ஒதுங்குவது குறையே அல்ல.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். "கேம்பர் அவுட் சார், தனியா காசு ஆகும்" என்று சொல்லிவிட்டு, ஜாக்கி வைத்து ஸ்ட்ரட்டையே நெம்பி வளைப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான சிறிய கார்களில் முன் சக்கரக் கேம்பரைத் திருகிச் சரிசெய்ய வழி கிடையாது. அது மாறியிருந்தால் எதுவோ வளைந்திருக்கிறது, அல்லது தேய்ந்திருக்கிறது. எது என்று தேடாமல், வளைந்ததை ஈடுகட்ட நல்ல பாகம் ஒன்றையும் வளைப்பதை நான் எந்தக் காலத்திலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். என்ன உடைந்தது என்று கேளுங்கள். சரிசெய்வதற்கு முன் எடுத்த அளவு, பின் எடுத்த அளவு இரண்டையும் அச்சடித்துத் தரச் சொல்லுங்கள். தேய்ந்த டயரைப் பின்னால் மாற்றிப் போட்டுவிடுவார்கள். அதற்கு முன் எது எங்கே இருந்தது என்று சாக்பீஸால் எழுதி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நோய் எந்தச் சக்கரத்தில் என்ற தடயமே போய்விடும்.

நான் லோயர் ஆர்ம் இரண்டையும் மாற்றி, முன்னால் புது டயர்கள் போட்டு, அதன் பிறகே அலைன்மென்ட் செய்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அதே கடையில் வேண்டுமென்றே நிறுத்தினேன். பெரியவருக்கு என் முகம் நினைவில்லை. புஷ்ஷைச் சொன்னதும் சிரித்தார். முன் டயர்கள் இரண்டையும் உள்ளும் வெளியுமாகத் தடவிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் ஒண்ணு போலருக்கு" என்றார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் வாங்கியதுபோல இருந்தது.

கிளம்பக் கதவைத் திறந்தேன். அவர் அங்கேயே நிற்கவில்லை. பின்பக்க இடது டயரை நீளவாக்கில் தடவிக்கொண்டிருந்தார். மேடும் பள்ளமுமாகக் கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருந்தது. டிக்கியின் அந்த மூலையை இரண்டு கையாலும் அழுத்தி விட்டார். வண்டி ஒரு தரம் எழும்பி நிற்காமல், மூன்று தரம் ஆடி அடங்கியது. குனிந்து உள்ளே கை விட்டு, எண்ணெய் படிந்த விரலை என்னிடம் நீட்டினார்.

"ஷாக் அப்சார்பர் போச்சு தம்பி. ஊருக்குப் போனதும் பின்னாடி ரெண்டையும் சேத்து மாத்திடுங்க."