எந்தத் தெரு?

ரூம் புக் பண்ணி, அட்வான்ஸும் போட்ட பிறகு போன் வந்தது.

"தம்பி, சும்மா ஒரு விவரம் கேக்கதுக்குத்தான். சொந்த ஊரு எது?"

"பூதப்பாண்டி."

"பூதப்பாண்டியில எந்தத் தெரு?"

நாஞ்சில் நாட்டில் பிறந்தவனுக்கு இந்தக் கேள்விக்கு உரை தேவையில்லை. சென்னையில் ஒருவர் தெருப் பெயர் கேட்டால் பார்சல் கொண்டுவருகிறார் என்று அர்த்தம். எங்கள் ஊரில் கேட்டால் சாதி கேட்கிறார் என்று அர்த்தம். நான் தெருவைச் சொன்னேன். மறுமுனையில் குரல் அப்படியே இளகிவிட்டது. "அப்பம் நம்ம ஆளுகளாக்கும்! வாங்க வாங்க. ரெண்டு பேருதானே?"

அந்த ரெண்டாவது ஆள் எந்தத் தெரு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவன் என் எதிரேதான் உட்கார்ந்திருந்தான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. காலேஜிலிருந்து பன்னிரண்டு வருஷப் பழக்கம். போனை வைத்ததும் சொன்னான்: "உனக்கு ரூம் கெடச்சாச்சு மக்கா."

'உனக்கு' என்றான். நான் அப்போதே புக்கிங்கை கேன்சல் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. கல்யாண சீசன், நாகர்கோவிலில் லாட்ஜ் எதுவும் காலியில்லை, அட்வான்ஸ் திரும்ப வராது. காரணங்களுக்கா பஞ்சம்?

வீடு சுசீந்திரத்தில், தாணுமாலயன் கோவிலிலிருந்து கூப்பிடு தூரத்தில். எந்தக் கதவு என்று சொல்லப்போவதில்லை, அந்த ஒரு வீட்டோடு எனக்குச் சண்டை இல்லை. வீடு அழகுதான், அதை மறுப்பானேன். படிப்புரை, நடுமுற்றம், கைபட்டுக் கைபட்டுக் கறுத்த தேக்குத் தூண், நெல் கொட்டி வைத்த பத்தாயத்தின் மேல் இப்போது ஒரு மைக்ரோவேவ். வாரிசுகளில் ஒருவர் பெங்களூரு, ஒருவர் அமெரிக்கா. பூட்டிக் கிடந்தால் கரையான் அரிக்கும், வாடகைக்கு விட்டால் ஓடாவது மாற்றலாம். இதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இந்த இடத்தில்தான் நம் இன்ஸ்டாகிராம் தலைமுறை வழி தவறுகிறது. பார்சிலோனாவில் 2024 ஜூலையில் உள்ளூர்க்காரர்கள் சுற்றுலாப் பயணிகள் மேல் தண்ணீர்த் துப்பாக்கி அடித்த வீடியோவைப் பகிர்ந்துவிட்டு, 'இங்கேயும் இதே கதைதான்' என்று எழுதுகிறோம். இதே கதை இல்லை. அங்கே பயணி வந்ததால் வாடகை ஏறி, குடியிருந்தவர் வெளியேறினார். அதனால்தான் சுமார் 10,000 சுற்றுலா வாடகை வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குள் முடித்துவிடுவோம் என்று அந்த நகர மேயர் அறிவித்தார். இங்கே குடியிருந்தவர் படிப்புக்கும் டாலருக்கும் தானே கிளம்பிப் போய்விட்டார். பயணி வந்தது காலி வீட்டுக்கு. சிக்கல் என்னவென்றால், போகும்போது அவர் கேட் கீப்பரை மட்டும் வாசலில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

கூடத்துச் சுவரில் ஊர் வரலாறு பிரேம் போட்டு மாட்டியிருந்தது. இந்திரன் சாபம் தீர்ந்து சுத்தமான இடம், அதனால் சுசீந்திரம். இசைத் தூண்கள். 18 அடி ஆஞ்சநேயர். 'பழமை மாறாத தெருக்கள்'.

அந்தப் பழமை மாறாத தெருக்களில் யார் நடக்கலாம் என்று ஒரு போராட்டமே நடந்தது. வைக்கம் போராட்டம் முடிந்த கையோடு, 1926-ல், டாக்டர் எம்.இ. நாயுடு முன்னின்று சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் தொடங்கினார்கள். கோவிலுக்குள் போகக்கூட இல்லை, கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்கு. அது நின்று, 1930-ல் மறுபடி கிளம்பியது. திருவிதாங்கூர் மகாராஜா கோவில் நுழைவுப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டது 1936 நவம்பர் 12. சுவரில் இந்திரனுக்கு ஆறு வரி, ஆஞ்சநேயருக்கு நாலு வரி. நடக்கப் போராடியவர்களுக்கு அரை வரி இல்லை. இவ்வளவுக்கும் மற்ற ஊர்க்காரர்கள் காசு கொடுத்தாலும் கிடைக்காத வரலாறு இது.

நண்பன் அந்த பிரேமை முழுசாகப் படித்தான். "எங்க பூட்டன் காலத்துல இந்தத் தெருவுல காலு வைக்க முடியாது. இப்பம் ஒரு ராத்திரிக்கு 3,500 ரூவா. வளர்ச்சிதான், இல்லியா?"

அடுத்தது அந்த 'சுத்த சைவம்' போர்டு. அடுக்களையில் மீன் சமைக்காதே என்றால் எனக்குப் புரிகிறது, அது அவர்கள் பாத்திரம். வெளியே தின்றுவிட்டு வந்தாலும் ஆகாது, அசைவம் சாப்பிடுபவர்கள் புக் பண்ணவே வேண்டாம் என்றால் அது அடுக்களை விதி இல்லை, ஆள் விதி. அதுவும் எந்த ஊரில்? விடிந்தால் சைக்கிள் பெட்டியில் சாளையும் நெத்திலியும் கூவி வருகிற நாஞ்சில் நாட்டில்! மரச்சீனியும் மீன்குழம்பும் சாப்பிட்டு வளர்ந்த எத்தனையோ வீடுகள் வாடகைக்கு விடும்போது மட்டும் திடீரென்று சைவமாகிவிடுகின்றன. காலையில் முற்றம் பெருக்க ஒரு அக்கா வந்தார். படிப்புரை வழியாக வரவில்லை, பின்வாசல். அவரிடம் யாரும் தெரு கேட்டிருக்க மாட்டார்கள். கேட்கத் தேவையில்லை.

'என் வீடு, என் இஷ்டம்' என்பார்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பது உங்கள் இஷ்டம். ராத்திரிக்கு இவ்வளவு என்று விலை போட்டு ஊருக்கெல்லாம் கடை விரித்த பிறகு அது விடுதி. கடை, ஹோட்டல், பொது உணவகம் எதிலும் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு சொல்கிறது. ஓட்டுக்கூரை போட்டால் சட்டம் மாறிவிடுமா?

அமெரிக்காவில் இதே தொழிலில் கறுப்பினத்தவர் போலப் பெயர் இருந்தால் புக்கிங் ஏற்பது குறைகிறது என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கூச்சல் கிளம்பி, 2016-ல் ஏர்பிஎன்பி விதிகளைத் திருத்த வேண்டிவந்தது. அங்கே பெயரே காட்டிக்கொடுத்துவிடும். நம்மிடம் அந்த வசதி குறைவு. தமிழன் பெயரிலிருந்து சாதி வாலை வெட்டி ரெண்டு தலைமுறை ஆகிறது, இனிஷியலை வைத்து ஒரு மண்ணும் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் போன். ஆப்பில் எந்தக் கட்டத்திலும் பதியாத, ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாத, "சும்மா ஒரு விவரம்".

அந்தப் போனுக்குத் தெருவைச் சொன்ன என்னைப் போன்றவர்களால்தான் இது ஓடுகிறது. சொன்னால் கதவு திறக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். சொல்ல முடியாதவன் மறுத்து ஒன்றும் ஆகப்போவதில்லை, அவனுக்கு எப்படியும் ரூம் இல்லை. நாம் சொல்லாமலிருந்தால்தான் அவருக்குச் சங்கடம். நான் இதை ஒரு ராத்திரி தங்கி, நன்றாகத் தூங்கி எழுந்து எழுதுகிறேன் என்பதையும் நீங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

ஊர் திரும்பிய பிறகு ரிவ்யூ எழுதினேன். வீடு சுத்தம், தண்ணீர் வசதி உண்டு, போனில் சாதி விசாரிக்கிறார்கள், இவ்வளவுதான். அரை மணி நேரத்தில் வீட்டுக்காரர் பதில் போட்டுவிட்டார். 'விருந்தினரை நெருக்கமாக அறிந்துகொள்ளும் ஆர்வத்தில் கேட்டது. தங்களோடு வந்த நண்பரிடம் ஒன்றுமே கேட்கவில்லையே. அவரும் நம் தெருதானே?'