பழகிப்போச்சு

“அதெல்லாம் பழகிப்போச்சுங்க.” தீண்டாமை உண்டா என்று சேரிப் பக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்டுத் திரும்பும் விடை இது. ஊர்ப் பெரியவருக்கு அது ஒற்றுமைக்குச் சான்று. அதிகாரிக்கு, புகார் ஏதுமில்லை என்று கோப்பை மூட ஒரு வசதி. மனநலம் பற்றிப் பேசும் நாமும் இதைப் பொறுமை என்றோ மனவலிமை என்றோ எண்ணிக் கடந்துவிடுகிறோம். அந்தச் சொல்லை நோய்க்குறியாகப் படிக்க வேண்டும் என்பதே நம் வாதம். காயம் ஆறினால் முனகல் நின்றுவிடும். முனகிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டாலும் நிற்கும்.

ஒதுக்கப்படுவது மனத்தை என்ன செய்கிறது என்று சோதனைச் சாலையில் ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் உளவியலாளர் கிப்லிங் வில்லியம்ஸ். மூவர் பந்தெறிந்து ஆடும் ஒரு கணினி விளையாட்டு. கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் தமக்குள் மட்டுமே எறிந்துகொள்ள, மூன்றாமவர் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார். முகம் தெரியாதவர்கள், சில நிமிட ஆட்டம். அதற்கே மனம் சுருங்கிவிடுகிறது. 2003இல் நவோமி ஐசன்பெர்கர் குழுவினர் இதே ஆட்டத்தின்போது மூளையைப் படமெடுத்தார்கள். உடல்வலியின் வேதனையோடு தொடர்புடைய பகுதி அப்போது விழித்துக்கொண்டது. 13 பேரைக் கொண்ட சிறிய ஆய்வு அது. அதன்மேல் பெரிய கோட்டை கட்ட வேண்டாம். வில்லியம்ஸ் பிரித்துக்காட்டும் மூன்று படிகள்தான் நமக்கு முக்கியம். முதலில் சுருக்கென்ற வலி. அடுத்து, மறுபடி ஒட்டிக்கொள்ளவோ சீறி எதிர்க்கவோ முயலும் சமாளிப்பு. ஒதுக்கல் ஆண்டுக்கணக்கில் நீண்டால் மூன்றாவது படி: கைவிடுதல். கையறுநிலையும், தான் எதற்கும் உதவாதவர் என்ற நினைப்பும், மனச்சோர்வும் குடியேறுவது இங்கேதான். இந்தப் படியைச் சோதனைச் சாலையில் உண்டாக்க முடியாது. அறம் இடம் தராது. ஆராய்ச்சியாளர் துணியாத அந்தச் சோதனையை நம் கிராமங்கள் தலைமுறை தலைமுறையாக நடத்திவந்திருக்கின்றன.

வறுமை தருகிற வாட்டத்தையெல்லாம் சாதியின் கணக்கில் எழுதுகிறீர்கள் என்று சிலர் சொல்லக்கூடும். கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் செய்த ஆய்வு இதற்கு விடை தருகிறது. உயர்சாதிச் சிறுவர்கள் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் 321 பேர். தாளில் அச்சிட்ட புதிர்ப்பாதைகளுக்குப் பென்சிலால் வழி கண்டுபிடிக்க வேண்டும்; தீர்த்த ஒவ்வொன்றுக்கும் காசு. சாதியைப் பற்றிப் பேச்செடுக்காதபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தீர்த்தார்கள். வேறு குழுக்களில், தொடங்கும் முன்பே ஒவ்வொருவரின் பெயர், ஊர், தந்தை பெயர், சாதி எல்லாம் எல்லாரும் கேட்க வாசிக்கப்பட்டன. ஒடுக்கப்பட்ட சிறுவர்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை சரிந்தது. வீட்டு வறுமை இரண்டிடத்திலும் ஒன்றுதான், பள்ளியும் அதேபோன்றதுதான். கூடுதலாக வந்தது அந்த வாசிப்பு மட்டுமே. இதை மனத்தில் வைத்துக்கொண்டு தென்மாவட்டப் பள்ளிகளில் மாணவர்கள் தம் சாதியைக் காட்ட மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பாருங்கள். ஆய்வில் ஒருமுறை வாசித்ததை அந்தக் கயிறுகள் காலை மணி அடித்தது முதல் வாசித்துக்கொண்டே இருக்கின்றன. 2023இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை அவர் வீடு புகுந்து சக மாணவர்கள் வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, இக்கயிறுகளுக்குத் தடை கேட்டது. அதை ஒழுங்கு நடவடிக்கையாக மட்டும் பார்ப்பது குறைபார்வை. அது மனநலப் பரிந்துரையும்கூட.

இதெல்லாம் தாத்தா காலத்துக் கதை என்பது அடுத்த மறுப்பு. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் இறையூருக்குப் போன மாவட்ட ஆட்சியர், அங்கிருந்த டீக்கடையில் சாதிக்கொரு டம்ளர் என்ற இரட்டை டம்ளர் முறை இருப்பதைக் கண்டார். கோயிலுக்குள் விடப்படாதவர்களை அவரே உள்ளே அழைத்துச் செல்லவேண்டியிருந்தது. தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்து அப்போது 72 ஆண்டுகள் கடந்திருந்தன. ஒரு டம்ளர் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். டீ ஒன்றுதான், காசும் ஒன்றுதான்; கடைக்காரர் கை எந்த டம்ளரை எடுக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அன்றாடம் அந்தக் கையைப் பார்த்து வளர்கிறவருக்கு யாரும் எதையும் வாய்திறந்து சொல்லவேண்டியதில்லை.

இத்தனைக்கும் நடுவே படித்து மேலே வந்தவர்கள் இல்லையா என்ற கேள்வியில் பாதி நியாயம் உண்டு. ஒதுக்கப்பட்ட எல்லாரும் உடைந்துபோவதில்லை. அப்படிச் சொல்வது அவர்களை இன்னொரு முறை சிறுமைப்படுத்துவதாகும். ஆனால் அவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்று பார்க்கவேண்டும். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். இழிவாக வீசப்பட்ட சொல்லையே முதலாமவர் பெயர்ப்பலகை ஆக்கினார். ஒடுக்கப்பட்டோருக்கு வேறொரு வரலாற்றை இரண்டாமவர் எழுதிக் காட்டினார். பழகிப்போனதைப் பழகாததாக்கும் வேலையை இருவரும் தத்தம் இதழைச் சுற்றித் திரண்டவர்களோடு செய்தார்கள். தனிமனித மனஉறுதி என்று நாம் மெச்சுவதற்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு சங்கமோ இதழோ படிப்பகமோ இருக்கும்.

அப்படியானால் கவுன்சிலிங் வீணா? இல்லை; மருந்தும் ஆலோசனையும் உயிர் காப்பவை, அவை சேரிக்கும் எட்டவேண்டும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம். அந்த அழுத்தம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை ஆலோசகர் கேட்காமல் விட்டால், மூச்சுப் பயிற்சி கற்றுக்கொண்ட மாணவர் திரும்பிப் போவது அதே கயிறு கட்டிய வகுப்பறைக்குத்தான். ஆகவே தீண்டாமை வழக்கைப் பதியும் காவலரும், கயிற்றை அவிழ்க்கச் சொல்லும் தலைமையாசிரியரும், டம்ளரை மாற்றவைக்கும் ஆட்சியரும் மனநலப் பணியாளர்களே. அவர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: “பழகிப்போச்சு” என்ற விடை காதில் விழும்போது கோப்பை மூடாதீர்கள்; விசாரணையை அங்கிருந்து தொடங்குங்கள்.