பில்லுக்குப் பயம் உண்டு. ‘ஷாக்’குக்குப் பயம் இல்லை!

சென்னை—

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்சாரக் கணக்கு எடுக்க ஆள் வந்தால் போதும். வீட்டில் எல்லோருக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. “எத்தனை யூனிட் சார்?” என்பதுதான் முதல் கேள்வி. மெயின் போர்டில் ‘ஆர்.சி.சி.பி.’ என்ற மின்கசிவுத் தடுப்பு சுவிட்ச் இருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஒரு யூனிட் 233 ரூபாய்!

பில்லுக்குப் பயப்படுவதில் நியாயம் உண்டு. 2022 செப்டம்பரில் உயர்ந்த கட்டணப்படி, முதல் 100 யூனிட் இலவசம் போக, 500 யூனிட்டுக்கு ரூ.1,725. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் ரூ.1,958! காரணம், 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுக்குக் கிடைத்த பாதி விலைச் சலுகை பறிபோனது. 2024 ஜூலையில் கட்டணம் மேலும் ஏறியது.

பழைய 75 வாட் மின்விசிறி தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். 28 வாட் புது ரகம் என்றால் 20 யூனிட்தான். எல்லையில் நிற்கும் வீட்டைக் காப்பாற்ற ஒரு விசிறியே போதும்.

பியூஸ் காப்பாற்றாது

“அதான் பியூஸ் இருக்கே!” என்பவர்கள் பலர். பியூஸ் காப்பது ஒயரை, ஆளை அல்ல. 5 ஆம்பியர் பியூஸ் உருக அதற்கு மேல் மின்சாரம் ஓட வேண்டும். அதில் ஐம்பதில் ஒரு பங்கு உடம்பில் பாய்ந்தாலே உயிர் போய்விடலாம். எம்.சி.பி.யும் இதே கதைதான்.

ஆர்.சி.சி.பி. வேலை வேறு. போன மின்சாரம் முழுசாகத் திரும்பி வந்ததா என்று அது கணக்குப் பார்க்கும். கிரைண்டர் வழியாகவோ, ஈரக் கை வழியாகவோ 30 மில்லி ஆம்பியர் தரைக்குக் கசிந்தால், பட்டென்று இணைப்பைத் துண்டித்துவிடும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்தவரை மட்டும் அதனாலும் காப்பாற்ற முடியாது.

யார் செலவு?

விலை சுமார் 2 ஆயிரம் ரூபாய். ஏறக்குறைய ஒரு 500 யூனிட் பில்! பிறகு ஏன் மாட்டுவதில்லை?

வாடகை வீட்டில் பில் கட்டுவது குடித்தனக்காரர், ஒயரிங் வீட்டுக்காரருடையது. “காலி பண்ணப் போற வீட்டுக்கு நான் ஏன் செலவழிக்கணும்?” என்பார் இவர். “குடியிருக்கிறவங்க மாட்டிக்கட்டுமே!” என்பார் அவர். நடுவில் போர்டு மொட்டையாகவே கிடக்கிறது.

மாட்டிய வீடுகளிலும் ஒரு வினை. மழைக்காலத்தில் அடிக்கடி ‘டிரிப்’ ஆகிறது என்று அதைப் பிடுங்கிவிட்டு ‘டைரக்ட்’ கொடுத்து விடுகிறார்கள். டிரிப் ஆவது பெரும்பாலும் சுவிட்ச் கோளாறு அல்ல. எங்கோ கசிகிறது என்ற எச்சரிக்கை. மாதம் ஒருமுறை அதிலுள்ள ‘டெஸ்ட்’ பொத்தானை அமுக்கிப் பார்க்க வேண்டும். சுவிட்ச் விழவில்லையா? உடனே மாற்றிவிட வேண்டும்.

யூனிட் தாண்டினால் போவது பணம். அடுத்த பில்லில் பிடித்துக் கொள்ளலாம். கசிந்த மின்சாரம் கொண்டு போவதை எந்த பில்லில் பிடிப்பது?