யாரும் போகாத மாதத்தில் ஒரு பயணம்

"சுவிட்சர்லாந்துக்கா? அதுவும் நவம்பர்லயா? அங்க அப்ப ஒண்ணுமே இருக்காதே!"

தவளக்குப்பம் சந்திப்பில் கடலூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது எங்கள் தெரு அக்கா இப்படித்தான் கேட்டார். அவருடைய பிள்ளைகள் பிரான்ஸில் இருக்கிறார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் புதுச்சேரி முழுக்க இருப்பதால், எங்கள் பக்கத்தில் அது ஒரு அதிசயமே இல்லை. ஐரோப்பாவின் மாதங்கள் அவருக்கு அத்துப்படி. "போனா ஜூன், ஜூலையில போ, பூ இருக்கும். இல்லேன்னா ஜனவரியில போ, பனி இருக்கும். நவம்பர்ல பூவும் இல்ல, பனியும் இல்ல" என்றார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனாலும் 2023 நவம்பரில் நான் கிளம்பினேன்.

காரணம், ஒரு போன் கால்.

என் மகள் கல்யாணமாகி சூரிச் பக்கம் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. இங்கே பார்த்த வேலையை விட்டுவிட்டுப் போனவள். கையில் ஏழு மாதக் குழந்தை. தினமும் வீடியோ காலில் வருவாள். "நல்லா இருக்கேன்மா" என்பாள். நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். அக்டோபர் மாதம் ஒருநாள், இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். பேசிக்கொண்டே இருந்தவள் திடீரென்று, "அம்மா, அங்க மழை பெய்யுதா? போனை ஜன்னல்கிட்ட கொஞ்ச நேரம் வையேன். சத்தம் கேக்கணும்" என்றாள்.

வைத்தேன். ஐந்து நிமிடம் இருவரும் பேசவே இல்லை. அப்புறம் போனை எடுத்துப் பார்த்தால், அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ எப்பம்மா வருவே?"

"ஏப்ரல்ல வரேன்டி. குளிர் விட்டுடும்."

"ஏப்ரல்ல எல்லாரும் வருவாங்கம்மா. நவம்பர்லதான் யாரும் வரமாட்டாங்க."

அன்று ராத்திரியே வீட்டுக்காரரிடம் சொன்னேன். "மழைக்காலத்துல வீட்டை விட்டுட்டா? தீபாவளி வேற வருது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு ரசம் வைக்கத் தெரியும். நீ போயிட்டு வா" என்றார்.

சாம்பல் நிறத்தில் ஒரு நாடு

சினிமாப் பாட்டில் பார்த்த சுவிட்சர்லாந்து வேறு, நான் போய் இறங்கிய சுவிட்சர்லாந்து வேறு. மரங்களில் இலை பாதிக்கு மேல் கொட்டிவிட்டது. மாடுகள் செப்டம்பரிலேயே மலையிலிருந்து இறங்கிக் கொட்டகைக்குப் போய்விட்டன. மலை கிராமங்களில் பல ஹோட்டல்களில் கதவு சாத்தியிருந்தது. மலையேறும் கூட்டம் போய்விட்டது, பனிச்சறுக்குக் கூட்டம் இன்னும் வரவில்லை. இரண்டு சீசனுக்கும் நடுவில், கல்யாணக் கூட்டம் கலைந்த மண்டபம் மாதிரி இருந்தது நாடு.

மலையைப் பார்க்கலாம் என்றால் மலையே தெரியவில்லை. அங்கே ஆல்ப்ஸ் மலைக்கும் ஜூரா மலைக்கும் நடுவில் ஒரு பெரிய தாழ்வான பகுதி இருக்கிறது. சூரிச், பெர்ன் எல்லாம் அதில்தான். இலையுதிர் காலத்தின் கடைசியில் குளிர்ந்த காற்று கனமாகி அந்தப் பள்ளத்தில் தங்கிவிடும். மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று, பானையைத் தட்டு போட்டு மூடுவதுபோல் அதை மூடிவிடும். உள்ளே மூடுபனி. சில சமயம் நாள் கணக்கில் கலையாது.

இதில் நாளும் சுருங்கிவிடுகிறது. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புகிறார்கள். மூன்றரை மணி நேரமாக இருந்த நமக்கும் அவர்களுக்குமான வித்தியாசம் நாலரை ஆகிறது. நவம்பர் பாதியில் காலை ஏழரைக்குத்தான் விடிகிறது, சாயங்காலம் ஐந்துக்குள் இருட்டிவிடுகிறது. மருமகன் இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புவார். நடுவில் இருக்கும் நேரமெல்லாம் நாலு சுவர், ஒரு குழந்தை, என் மகள்.

பகலில் ஏன் எப்போதும் இவள் வீட்டில் விளக்கு எரிகிறது என்று வீடியோவில் பார்த்து நான் கோபித்துக்கொண்டது உண்டு. அங்கே போன பிறகு அதைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

தீபாவளிக்கு முதல்நாள், டர்னிப் விளக்கு

நான் போன முதல் சனிக்கிழமை, நவம்பர் 11. மறுநாள் தீபாவளி. "பட்டாசுச் சத்தமே இல்லாம என்னடி தீபாவளி" என்று உட்கார்ந்திருந்தேன். மருமகன், "அத்தை, ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வாங்க" என்று சூரிச் ஏரிக்கரையில் இருக்கும் ரிக்டர்ஸ்வில் என்ற ஊருக்கு ரயிலில் கூட்டிப்போனார்.

அங்கே ஒவ்வொரு நவம்பரிலும் இரண்டாவது சனிக்கிழமை ஒரு திருவிழா நடக்கிறது. வயலில் கடைசியாக அறுவடையாகும் டர்னிப் கிழங்கை எடுத்து உள்ளே குடைகிறார்கள். வெளித்தோலில் நிலா, நட்சத்திரம், வீடு என்று செதுக்குகிறார்கள். உள்ளே மெழுகுவத்தி ஏற்றிக் குச்சியில் தொங்கவிடுகிறார்கள். சின்னப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு பாடிக்கொண்டே ஊர்வலம் வருகிறார்கள். தெருவிளக்கை அணைத்துவிட்டு, வீட்டு வாசல், ஜன்னல், வண்டி எல்லாவற்றிலும் டர்னிப் விளக்கை வைக்கிறார்கள். டன் கணக்கில் கிழங்கு செலவாகிறதாம்.

எனக்குச் சின்ன வயசுக் கார்த்திகைதான் ஞாபகம் வந்தது. பனம்பூவைக் கரியாக்கித் துணியில் கட்டி, தெருவில் மாவலி சுற்றுவோமே, அதே நெருப்பு. வருஷத்தின் இருட்டான பக்கம் வரும்போது ஒரு விளக்கை ஏற்று என்று அந்த ஊர் பாட்டிகளுக்கும் நம் ஊர் பாட்டிகளுக்கும் யாரோ ஒரே நேரத்தில் சொல்லிக்கொடுத்தது போல் இருந்தது. பேத்தி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் விடிகாலையில் மகளுக்கு எண்ணெய் வைத்துத் தலைக்கு ஊற்றினேன். வெளியே சத்தமே இல்லை. "இந்த வருஷம்தாம்மா தீபாவளி மாதிரி இருக்கு" என்றாள்.

மலைகளின் ராணி

மலைக்குப் போகலாம் என்று ஒருநாள் கிளம்பினோம். அடிவாரம் வரை போய்ப் பார்த்தால் ஒரு பலகை. பராமரிப்புக்காக கேபிள் கார் மூடியிருக்கிறதாம். கயிறு, சக்கரம், பிரேக் எல்லாவற்றையும் கழற்றிச் சோதிக்க அவர்களுக்கு நவம்பர்தான் தோதான மாதம். போகும் முன்பே இணையத்தில் பார்த்திருக்க வேண்டும். தப்பு எங்களுடையது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தோம். மகள் வழியெல்லாம் பேசவில்லை.

ஒரு வாரம் கழித்து, ஒருநாள் காலையில் மருமகன் போனில் எதையோ பார்த்துவிட்டுக் குதித்தார். மலை உச்சியில் வைத்திருக்கும் கேமராவின் படம். எங்கள் ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடுகூடத் தெரியாத மூடுபனி. படத்தில் பளீரென்று வெயில்! "இன்னிக்கு லீவு போட்டுடறேன், கிளம்புங்க" என்றார்.

ஆர்த் கோல்டாவ் வரை ரயில். அங்கிருந்து ரிகி மலைக்குப் பல்சக்கர ரயில். தண்டவாளத்துக்கு நடுவில் பல் பல்லாக ஒரு கம்பி, வண்டியின் அடியில் இருக்கும் சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. 'இதை எங்கோ பார்த்திருக்கிறேனே' என்று யோசித்தால், நம் மேட்டுப்பாளையம் ஊட்டி ரயில்! ரிகியின் மறுபக்கம் விட்ஸ்னாவ் ஊரிலிருந்து 1871-ல் ஓடத் தொடங்கியதுதான் ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில். அதை உருவாக்கியவர் ரிக்கன்பாக். நீலகிரிக்கும் அதேபோல் ரயில் போடலாம் என்று 1880-களில் அவர் திட்டம் கொடுத்திருக்கிறார். கடைசியில் 1899-ல் குன்னூர் வரை ஓடியது ரோமன் ஆப்ட் என்ற இன்னொரு சுவிஸ் பொறியாளரின் முறையில். ஊட்டி ரயிலை இழுத்த பழைய நீராவி இன்ஜின்களும் சூரிச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் வின்டர்தூர் ஊரில் செய்தவைதான்.

ரிகியின் உயரம் 1,798 மீட்டர், ஊட்டியைவிடக் குறைவுதான். அந்த மலையையும் 'மலைகளின் ராணி' என்றே அழைக்கிறார்கள். பெட்டியில் எங்களைத் தவிர நாலைந்து பேர்தான். கோடையில் இங்கே உட்கார இடம் கிடைக்காதாம்.

பாதி தூரம் வரை ஜன்னலில் வெள்ளைச் சுவர். திடீரென்று அந்த வெள்ளை மஞ்சளானது. அடுத்த நிமிடம் வண்டி மூடுபனியைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிட்டது.

நீல வானம். கண் கூசும் வெயில். கீழே ஏரியும் இல்லை, ஊரும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாக ஒரு கடல். அதற்கு அந்தக் கரையில் வரிசையாகப் பனி மூடிய ஆல்ப்ஸ் சிகரங்கள். நான் கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரி. ஆனால், அலையே இல்லாத ஒரு கடலை அன்றைக்குத்தான் பார்த்தேன். கீழே இருந்ததைவிட மேலே குளிரும் குறைவு. ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டேன்.

மகள் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை வெயிலுக்குக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள்.

"இது இங்கயேதான்மா இருந்திருக்கு. ரெண்டு மணி நேரத் தூரத்துல. நான்தான் வெளிய வரல."

"நீ வரலேன்னு சொல்லாதே. கூட்டிட்டு வர ஆள் இல்ல" என்றேன்.

'அது காணும்!'

26-ம் தேதி கார்த்திகை தீபம். சூரிச்சை ஒட்டி இருக்கும் அட்லிஸ்வில் சிவசுப்பிரமணியர் கோயிலுக்குப் போனோம். 1983 கலவரத்துக்குப் பிறகு அகதிகளாக வந்த ஈழத் தமிழர்கள் அந்த நாடு முழுக்கக் கோயில்களைக் கட்டி வைத்திருக்கிறார்கள். இன்று அங்கே சுமார் 50,000 பேர் இருக்கிறார்கள். பெர்ன் நகரில் 2014-ல் திறந்த 'சமயங்களின் இல்லம்' என்ற கட்டடத்தில் கோயில், மசூதி, பௌத்த வழிபாட்டிடம், கிறிஸ்தவ வழிபாட்டிடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

கார்த்திகையை அவர்கள் 'விளக்கீடு' என்கிறார்கள். விளக்கு வைத்துக்கொண்டிருந்தபோது யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் பேத்தியை வாங்கிக்கொண்டார். மகளைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது. என்னிடம் சொன்னார்:

"நான் வந்தது எண்பத்தஞ்சிலை, தங்கச்சி. முதல் பிள்ளை பிறந்ததும் ஒரு நவம்பர்லதான். பாஷை தெரியாது, விசா இல்லை, அம்மா வந்து பார்க்க ஏலாது. அம்மா போனதும் எனக்குக் காயிதத்திலைதான் தெரியும். உங்கட மகளுக்கு நீங்கள் வந்திட்டியள். அது காணும்!"

அவர்கள் பேச்சில் 'காணும்' என்றால் போதும் என்று அர்த்தம். எனக்கு அதற்கு மேல் பதில் சொல்ல வரவில்லை.

அந்த அம்மாதான் மகளுக்கு ஒரு வழியும் காட்டினார். அங்கே ஊராட்சிகள் தோறும் கைக்குழந்தை உள்ள பெற்றோருக்கு இலவச ஆலோசனை நிலையம் இருக்கிறது. குழந்தையின் எடை பார்ப்பது மட்டுமில்லை, அம்மாவின் மனசு எப்படி இருக்கிறது என்றும் கேட்பார்களாம். மறுவாரமே போவதாக மகள் சொன்னாள்.

27-ம் தேதி திங்கட்கிழமை பெர்ன் நகரில் வெங்காயச் சந்தை. ஒவ்வொரு நவம்பரிலும் நாலாவது திங்கட்கிழமை, விடியும் முன்பே தொடங்கிவிடுகிறது. சிவப்பும் வெள்ளையுமாக வெங்காயத்தைப் பூச்சரம்போல் பின்னித் தொங்கவிட்டிருந்தார்கள். நம் ஊரில் அப்போது வெங்காய விலை எகிறிக் கிடந்தது. "ஒரு சரம் வாங்கிட்டுப் போனா ஏர்போர்ட்ல பிடிச்சுப்பாங்களா?" என்று கேட்டேன். மகள் சத்தம் போட்டுச் சிரித்தாள். சுட்ட செஸ்ட்நட் வாங்கித் தந்தாள். தோலைப் போட ஒரு தனி அறையோடு இருந்தது அந்தக் காகிதப் பை! நம் பீச் ரோடு வேர்க்கடலைக்காரருக்கு இந்த யோசனையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்களும் போவதானால்...

* ஷெங்கன் விசாவுக்குச் சீக்கிரமே விண்ணப்பியுங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

* எந்த மலை ரயில், எந்த கேபிள் கார் ஓடுகிறது என்று முதல் நாளே பாருங்கள். உலகிலேயே செங்குத்தான பிலாட்டுஸ் பல்சக்கர ரயில் குளிர்காலத்தில் ஓடாது. ரிகி வருடம் முழுக்க ஓடுகிறது.

* கிளம்பும் முன் உச்சியின் கேமராவைப் பாருங்கள். கீழே மூடுபனி என்றால் வீட்டில் உட்காராதீர்கள். மேலே வெயில் காய்ந்துகொண்டிருக்கலாம்.

* பயணிகளுக்கான பாதிக்கட்டண அட்டை ஒரு மாதம் செல்லும். ரயில், படகு, பெரும்பாலான மலை ரயில்களில் பாதி விலைதான்.

* ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பாலும் காய்கறியும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

நவம்பர் கடைசியில் ஊர் திரும்பினேன். சில நாளில் மிக்ஜாம் புயல், இங்கேயும் மழை. மகளிடமிருந்து வீடியோ கால் வந்தது. "போனை ஜன்னல்கிட்ட வைக்கட்டுமா?" என்று கேட்டேன். "வேணாம்மா, பாப்பாவைத் தூக்கிட்டு வெளிய கிளம்பிட்டேன். அப்புறம் பேசறேன்" என்றாள்.

அதற்கடுத்த நவம்பரில் ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ரிகி உச்சி, வெயில், அதே பெஞ்ச். பேத்தி அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

எங்கள் தெரு அக்காவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "என் பொண்ணும் நவம்பர்லதான் அடிக்கடி போன் பண்ணுவா" என்றார்.

உங்கள் பிள்ளைகளும் வெளிநாட்டில் இருந்தால், டிக்கெட் போடும் முன் ஒரு கேள்வி கேளுங்கள். எந்த மாதம் ஊர் அழகாக இருக்கும் என்று கேட்காதீர்கள். எந்த மாதம் உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று கேளுங்கள். அந்த மாதத்துக்கே டிக்கெட் போடுங்கள். விலையும் குறைவாகத்தான் இருக்கும்!