புத்தகத்தின் பெயரை மாற்றியது யார்?



போன கிழமை எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு சுவீடன் நாவலைப் பற்றிக் கதைத்தோம். வந்தவர்கள் பதினொரு பேர். பாதிப்பேர் ஆசிரியர்கள். மற்றவர்கள் கடை, வங்கி, வீடு என்று வேலை பார்க்கிறவர்கள். மாணவர்கள் ஒருவரும் இல்லை. இரண்டு மணித்தியாலம் கதைத்து, ப்ளேன்டீ குடித்துக் கலைந்தோம்.

அடுத்த நாள் லுஹருக்கு முன்பே ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் அந்தப் புத்தகத்தின் அட்டைப்படம் சுற்றத் தொடங்கிவிட்டது. "இதுதான் நம்மட டீச்சர்மார் வாசிக்கிற கிதாபு" என்று மேலே ஒரு வரி. கீழே வரிசையாகப் பதில்கள், வொய்ஸ் மெசேஜ்கள். பச்சை குத்திய பெண், சிகரெட் குடிக்கிற பெண், அடுத்தவரின் கணினிக்குள் களவாகப் புகுகிற பெண், இவளைப் பற்றி வாசிக்க என்ன இருக்கிறது என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

கேள்வி கேட்டவர்களில் எத்தனை பேர் புத்தகத்தைத் திறந்து பார்த்தீர்கள் என்று நாங்கள் கேட்கப் போவதில்லை. பதில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எங்களுக்கு இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறோம். கதையின் முடிவையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வாசிக்க நினைத்திருப்பவர்கள் வாசித்துவிட்டு வாருங்கள்.

முதலில் பெயர்.

நாவலை எழுதியவர் ஸ்டீக் லார்சன். சுவீடனில் இனவாதக் குழுக்களை அம்பலப்படுத்துவதற்காகத் தொடங்கப்பட்ட 'எக்ஸ்போ' என்ற சஞ்சிகையில் வேலை செய்த ஊடகவியலாளர். 2004 நவம்பரில், ஐம்பதாவது வயதில், மாரடைப்பால் இறந்துபோனார். புத்தகம் 2005இல்தான் வெளிவந்தது. சுவீடிஷ் மொழியில் அதன் பெயர் 'பெண்களை வெறுக்கும் ஆண்கள்'. 2008இல் ஆங்கிலத்துக்கு வந்தபோது அது 'டிராகன் பச்சை குத்திய பெண்' ஆகிவிட்டது.

இந்த இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுதியவர் குற்றவாளியின் பெயரை அட்டையிலே போட்டார். ஆங்கிலத்தில் விற்றவர்கள் அதை அழித்துவிட்டு, ஒரு பெண்ணின் உடம்பில் இருக்கும் பச்சையை அந்த இடத்தில் வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்களும் ஸ்பானியர்களும் இத்தாலியர்களும்கூட ஆண்களைப் பெயரில் விட்டுவைத்தார்கள். ஆங்கிலத்தில் ஆண்கள் காணாமல் போனார்கள். நம் ஊர் வாட்ஸ்அப்பில் சுற்றியது அந்த ஆங்கில அட்டை. நீங்களும் அந்தப் பச்சையைப் பற்றித்தான் கதைத்தீர்கள். விற்றவர்கள் எந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார்களோ அந்தப் பக்கம் பார்த்தீர்கள்.

இனிக் கதை.

வடக்கு சுவீடனில் ஒரு தீவு. அங்கே வாங்கர் என்ற பெரிய பணக்காரக் குடும்பம். 1966இல் ஒரு நாள், ஹாரியட் என்ற பதினாறு வயதுப் பிள்ளை காணாமல் போகிறாள். அன்று பாலத்தில் எண்ணெய் பவுசர் ஒன்று மோதி, தீவுக்குப் போக்குவரத்தே இல்லை. உடலும் கிடைக்கவில்லை. குடும்பத்திலுள்ள ஒருவர்தான் கொன்றிருக்க வேண்டும் என்று அவளுடைய பாட்டன் முறையான முதியவர் ஹென்ரிக் நினைக்கிறார். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவருக்குத் தபாலில் ஒரு காய்ந்த பூ வருகிறது. கொலைகாரன் தன்னைக் கேலி செய்கிறான் என்று நாற்பது வருடத்துக்குக் கிட்ட அழுகிறார். கடைசியில் மிக்கேல் புளொம்குவிஸ்ட் என்ற ஊடகவியலாளரைக் கூப்பிட்டுத் தேடச் சொல்கிறார். அவருக்குத் துணையாக வருகிறவள்தான் லிஸ்பெத் சலாண்டர், நீங்கள் வைத துணிச்சல்காரப் பிள்ளை.

அவர்கள் கண்டுபிடிப்பது என்ன? ஹாரியட் கொல்லப்படவில்லை. தப்பி ஓடியிருக்கிறாள். பெற்ற தகப்பனே அவளைச் சீரழித்திருக்கிறான். அவன் செத்த பிறகு கூடப்பிறந்த நானா அதைத் தொடர்ந்திருக்கிறான். இருவரும் வெளியில் வேறு பெண்களைக் கொன்றவர்கள். தாய்க்கு வீட்டில் நடப்பது தெரியும். தெரிந்தும் கண்ணை மூடிக்கொண்டாள். காய்ந்த பூக்களை அனுப்பியது கொலைகாரன் அல்ல, ஹாரியட்தான். நான் உயிரோடு இருக்கிறேன் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அதை வாசிக்கத்தான் அந்த வீட்டில் ஆளில்லை.

எங்களை உலுக்கிய இடம் ஒன்று இருக்கிறது. ஓடிப்போன அன்றைக்கு ஹாரியட் ஹென்ரிக்கிடம் வருகிறாள். ஒரு விஷயம் கதைக்க வேண்டும் என்கிறாள். அவர் நல்ல மனிதர், அவள்மீது உயிரையே வைத்திருப்பவர். ஆனால் அந்த நேரம் வேலையாக இருக்கிறார். கொஞ்சம் பொறு என்கிறார். பிறகு பாலத்தில் விபத்து. பிறகு பிள்ளை இல்லை. அந்தக் 'கொஞ்சம் பொறு' நாற்பது வருடமாக நீண்டது.

நாங்கள் ஆசிரியர்கள். இடைவேளையில், புள்ளி போடும் நேரத்தில், ஒரு பிள்ளை மேசைக்குப் பக்கத்தில் வந்து ஒன்றும் சொல்லாமல் நிற்பதை எத்தனை தடவை கண்டிருக்கிறோம்? "பிறகு வா" என்று எத்தனை தடவை அனுப்பியிருக்கிறோம்? அந்தப் பக்கத்தை வாசித்தபோது எங்களில் மூன்று பேருக்கு மூன்று வேறு வேறு முகங்கள் ஞாபகம் வந்தன. அன்று அதைத்தான் கதைத்தோம். பச்சையைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹாரியட்டின் குறிப்புப் புத்தகத்தில் ஐந்து பெயர்களும் இலக்கங்களும் இருந்தன. பொலிஸார் உட்பட எல்லோரும் டெலிபோன் இலக்கம் என்று நினைத்தார்கள். உண்மையில் அவை பைபிளின் லேவியராகம வசனங்களின் இலக்கங்கள். கொலைகாரன் வேதத்தை எடுத்துத் தன் அசிங்கத்துக்குப் போர்வையாக்கியிருந்தான். பதினாறு வயதுப் பிள்ளை அதைத் தனியாகக் கண்டுபிடித்து எழுதி வைத்திருக்கிறாள். கண்ணுக்கு முன்னால் இருந்த சாட்சியை ஒரு தலைமுறையே தவறாக வாசித்தது. பிள்ளைகள் நமக்குத் தருகிற அடையாளங்களையும் நாம் அப்படித்தான் வாசிக்கிறோம். படிப்பில் விழுந்துவிட்டாள் என்றால் சோம்பேறி. வீட்டுக்குப் போக மனமில்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தால் ஊர்சுற்றி.

"சுவீடனில் நடக்கிறது, நமக்கு எதற்கு?" என்று ஒரு சகோதரர் எழுதியிருந்தார். நியாயமான கேள்விபோலத்தான் இருக்கிறது. சுவீடன்காரரும் அதையேதான் நினைத்தார்கள். பெண்களுக்கு உலகத்திலேயே பாதுகாப்பான நாடு தங்களுடையது என்று பெருமைப்பட்டவர்கள் அவர்கள். லார்சன் நாவலின் நான்கு பாகங்களையும் தன் நாட்டைப் பற்றிய நான்கு கணக்குகளோடு தொடங்குகிறார். சுவீடனில் 46 வீதமான பெண்கள் ஓர் ஆணின் வன்முறைக்கு ஆளானவர்கள் என்பது அதிலொன்று. பாலியல் தாக்குதலுக்கு ஆளானவர்களில் 92 வீதமானோர் கடைசியாக நடந்ததைப் பொலிசில் சொல்லவே இல்லை என்பது இன்னொன்று. தன் வீட்டுக் குப்பையைத் தானே முற்றத்தில் கொட்டிக் காட்டிய மனிதர் அவர். அதைப் பார்த்து "அவன் வீடு அசிங்கம்" என்று மூக்கைப் பொத்துகிறவர், தன் வீட்டுக் கதவை ஒரு தடவை திறந்து பார்க்கட்டும்.

இப்போது கணினிக் களவுக்கு வருவோம். இதில் எங்களுக்கும் இந்த நாவலோடு சண்டை இருக்கிறது.

சலாண்டர் ஒரு பாதுகாப்பு நிறுவனத்துக்காக ஆட்களைப் பற்றித் தகவல் திரட்டுகிறவள். புளொம்குவிஸ்டின் கணினிக்குள்ளும் அவருக்குத் தெரியாமல் புகுந்தவள். அவருடைய கணினியில் மட்டுமே இருந்த ஒரு விஷயம் அவளுடைய அறிக்கையில் வந்ததைக் கண்டுதான் அவர் பிடிக்கிறார். பிடித்தவர் காலைச் சாப்பாட்டோடு அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து வேலை செய்யக் கேட்கிறார்! நாவல் இதை விளையாட்டுப்போலக் கடந்து போகிறது. நாங்கள் கடந்து போகத் தயாரில்லை. நம் நாட்டில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் இன்னொருவரின் கணினிக்குள் புகுவதே குற்றம். நல்ல நோக்கம் என்று நாமே முடிவு செய்துகொண்டு புகுந்தால் குற்றம் இல்லாமல் போகாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவள் ஏன் சட்டத்திடம் போகவில்லை? சட்டம் அவளைச் சொந்தமாக முடிவெடுக்கத் தகுதியற்றவள் என்று எழுதி வைத்து, ஒரு சட்டத்தரணியைப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறது. அவளுடைய சம்பளம் அவன் கையில். கணினி வாங்கக் காசு கேட்டுப் போகிற பிள்ளையை அவன் சீரழிக்கிறான். சின்ன வயதிலிருந்து அதிகாரிகளிடம் சொன்ன எதையும் ஒருவரும் நம்பாததால், இதையும் சொல்ல அவளுக்கு இடமில்லை. பிறகு அவள் தன் கையால் எடுக்கிற பழி வாசிக்கவே கொடூரமானது. அதை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. கேட்க வேண்டியவர்கள் காதைப் பொத்திக்கொண்டால் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்பதை அந்தப் பக்கங்கள் காட்டுகின்றன.

நம் ஊருக்கு வருகிறோம். பெயர் சொல்ல மாட்டோம், வருடம் சொல்ல மாட்டோம். உயர்தரம் படித்த ஒரு பிள்ளையின் முகநூல் கணக்கை ஒருவன் உடைத்தான். உடைக்க அவனுக்குப் பெரிய அறிவு ஒன்றும் தேவைப்படவில்லை. போன் திருத்தக் கொடுத்த இடத்தில் பாஸ்வேர்ட் போனது. ராத்தாவின் கலியாணத்தில் எடுத்த சாதாரணப் படங்கள். அவற்றை வைத்து மிரட்டினான். பிள்ளை பயந்து மூன்று மாதம் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னபோது என்ன நடந்தது? பெரியவர்கள் கூடினார்கள். "விஷயத்தை வெளியில் கொண்டுபோக வேண்டாம், ரெண்டு குடும்பத்துக்கும் மானம்" என்றார்கள். போனை வாங்கி உடைத்தார்கள், அவளுடைய போனை. படிப்பை நிறுத்தினார்கள், அவளுடைய படிப்பை. அவன் இப்போதும் மோட்டார் சைக்கிளில் சந்தியைச் சுற்றுகிறான்.

அன்றும் இதே குழுக்கள் இருந்தன. அன்றும் பதில்கள் குவிந்தன. "பெண் பிள்ளைக்கு எதற்கு முகநூல்" என்பதுதான் அதில் அதிகம். பெயரை மாற்றுவது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். மிரட்டிய பையனின் கதையை, முகநூல் வைத்திருந்த பெண்ணின் கதையாக மாற்றிவிட்டீர்கள். ஆங்கிலப் பதிப்பாளர் காசுக்காகச் செய்ததை நாம் இலவசமாகச் செய்தோம். நாம் என்றுதான் சொல்கிறோம். அந்தப் பிள்ளையின் விடுகைப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தது எங்களைப் போன்ற ஓர் ஆசிரியர்தான். நாங்களும் வாய் திறக்கவில்லை.

நாவலின் முடிவில் எங்களுக்குக் கசந்த விஷயமும் இதுதான். கொலைகாரன் வீதி விபத்தில் சாகிறான். ஹாரியட்டின் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று, அவன் கொன்ற மற்றப் பெண்களின் கதையை எல்லோரும் சேர்ந்து மூடுகிறார்கள். பெண்களுக்கு உதவுகிற ஓர் அமைப்புக்குப் பணம் கொடுப்பதோடு கணக்கு முடிகிறது. உண்மையை எழுதுவதே தொழிலான புளொம்குவிஸ்டும் பேனாவை மூடி வைக்கிறார். அந்தப் பெண்களின் தாய்மாருக்கு யார் பதில் சொல்வது? லார்சன் இதை வேண்டுமென்றே எழுதினாரோ என்னவோ, நல்லவர்களும் கடைசியில் மூடத்தான் செய்தார்கள். எங்கள் வட்டத்தில் இதைப் பற்றி இரண்டு கட்சி பிரிந்து வாதம் நடந்தது. இப்படி வாதாட வைக்கிற புத்தகத்தை அசிங்கம் என்று ஒரு சொல்லில் முடித்துவிட ஏலாது.

இது வளர்ந்தவர்களுக்கான நாவல். பாடசாலை நூலகத்தில் வைக்கச் சொல்லவில்லை. சாதாரண தரப் பிள்ளைகளின் கையில் கொடுக்கவும் மாட்டோம். அதில் சில பக்கங்கள் எங்களுக்கே கடக்கக் கஷ்டமாக இருந்தன. ஆனால் பிள்ளை பெற்றவர்களும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவர்களும், ஊர்ப் பிணக்குகளைத் தீர்க்க உட்காருகிறவர்களும் வாசிக்கலாம். முக்கியமாகக் கடைசியாகச் சொன்னவர்கள்.

வாசிக்க நேரமில்லாதவர்களிடம் மூன்று விஷயங்களை மட்டும் கேட்கிறோம். அடுத்த தடவை இப்படியான ஒரு முறைப்பாடு வந்தால், கூட்டத்தில் குறைந்தது இரண்டு பெண்களை உட்கார வையுங்கள். பிள்ளையின் படிப்பை நிறுத்துவதை ஒரு தீர்வாக ஒருவரும் முன்வைக்க வேண்டாம். குற்றம் குற்றமாக இருந்தால் பேசித் தீர்க்காமல் சட்டத்திடம் கொண்டுபோங்கள். சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்று இரண்டு இலக்கங்கள் இருக்கின்றன. அவற்றைப் பாடசாலைச் சுவரில் பெரிதாக எழுத நாங்கள் செலவு செய்கிறோம். அனுமதி மட்டும் தாருங்கள்.

புத்தகம் எங்களிடம் இரண்டு பிரதி இருக்கிறது. திட்டுவதற்காகவாவது வந்து இரவல் வாங்கிக்கொண்டு போங்கள். அட்டைக்கு நாங்கள் கடதாசி உறை போட்டிருக்கிறோம். அதன் மேலே தமிழில் பழைய பெயரைத்தான் எழுதியிருக்கிறோம்: 'பெண்களை வெறுக்கும் ஆண்கள்'.