தொடர்நாடகம் யார் கையில்?



மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட பொழுது, பிள்ளைகள் ஓதுவதற்கும் பெரியவர்கள் கதை சொல்வதற்கும் உரியதாக இருந்த காலம் ஒன்று உண்டு. இன்று பல இல்லங்களில் அந்தப் பொழுதைத் தொலைக்காட்சித் தொடர்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. "பெட்டியை அணைத்துவிடுங்கள்" என்று எழுதிவிட்டுப் போவது எனக்கும் எளிதே. ஆனால் அணைக்கக் கூடியவர்கள் எப்போதோ அணைத்துவிட்டார்கள். மற்ற இல்லங்களை நோக்கி ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன். நாம் நாள்தோறும் பார்க்கும் இக்கதைகள் ஏன் முடிவதே இல்லை என்று எப்போதேனும் சிந்தித்ததுண்டா?

விடை தொடர்நாடகத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. 1930ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகர வானொலியில் 'பெயிண்டட் டிரீம்ஸ்' என்னும் தொடர் ஒலிபரப்பாயிற்று. அதை எழுதிய இர்னா பிலிப்ஸ், முன்னர் ஆசிரியையாகப் பணியாற்றியவர். வீட்டுப் பெண்கள் பகல் நேரத்தில் இத்தகைய கதைகளை விரும்பிக் கேட்பதைக் கண்ட சோப்பு நிறுவனங்கள் பணம் கொடுத்து இவற்றை நடத்தத் தொடங்கின. 'சோப் ஓபரா' என்னும் பெயர் அவ்வாறு வந்ததே. அதே அம்மையார் உருவாக்கிய 'கைடிங் லைட்' 1937இல் வானொலியில் தொடங்கி, 1952இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009இல்தான் நின்றது. எழுபத்திரண்டு ஆண்டுகள்! நம் தமிழிலும் 2003இல் தொடங்கிய 'கோலங்கள்' ஆயிரத்து ஐந்நூறு பகுதிகளைத் தாண்டி 2009இல் முடிவுற்றது. பொருள் விற்கும் வரை கதை நீளும். விற்பனை குறைந்தால் கதை முடியும். மாமியாரின் சூழ்ச்சி ஆறு மாதம் இழுபடுவதற்குக் காரணம் மாமியார் அல்லர், விளம்பரமே.

அப்படியானால், விற்பதற்கு எதுவுமின்றி ஒரு தொடர் நீண்ட நாள் நடக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர்கள் கல்லூரி மாணவர்கள்.

அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1991ஆம் ஆண்டு மாணவர்கள் 'பே ஸ்டேட்' என்னும் தொடரைத் தொடங்கினார்கள். மாணவர் தொடர்களில் மிக நீண்ட காலம் நடந்தவற்றுள் ஒன்று என்று அது பெயர் பெற்றது. அதற்கு முன்பே, 1987இல், வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் 'ஜெனரல் காலேஜ்' என்னும் மாணவர் தொடர் தோன்றியிருந்தது. ஹார்வர்டு மாணவர்களும் 1994இல் 'ஐவரி டவர்' என்ற தொடரைத் தொடங்கினார்கள். எழுதுவோர், நடிப்போர், படம் பிடிப்போர், வெட்டி ஒட்டித் தொகுப்போர் அனைவரும் மாணவர்களே.

இத்தகைய தொடருக்கு, வணிகத் தொடருக்கு இல்லாத ஒரு சோதனை உண்டு. ஆண்டுதோறும் பட்டமளிப்பு முடிந்ததும் ஒரு வகுப்பு முழுவதும் வெளியேறிவிடும். கதாநாயகன் வேலைக்குப் போய்விடுவான். கதை எழுதியவள் வேறு ஊருக்குப் போய்விடுவாள். எஞ்சியிருக்கும் இளையவர்கள், தாம் தொடங்காத கதையைக் கையில் வாங்கி, போனவர்களின் பாத்திரங்களுக்கு ஒரு வழி செய்து, புதியவர்களை உள்ளே கொண்டுவர வேண்டும். நான்கு ஆண்டுகளில் தொடக்கத்தில் இருந்தவர் எவரும் இரார். தொடர் மட்டும் இருக்கும். ஆகவே மூத்தவர் தமக்குத் தெரிந்ததை இளையவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டே போக வேண்டியிருக்கிறது. ஓதிக்கொடுத்தவரிடம் ஓதி, அதைப் பிறருக்கு ஓதிக்கொடுக்கும் வழக்கமுடைய நமக்கு இது புதிய செய்தியன்று. கைமாற்றிக் கொடுக்க ஆளில்லாமல் நின்றுபோன நற்பணிகள் நம் ஊர்களில் எத்தனை! ஆர்வத்தோடு தொடங்கிய நூலகங்களும் கையெழுத்து ஏடுகளும், தொடங்கியவர் ஊரைவிட்டுப் போனதும் மூடப்பட்டதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

இதில் இன்னொரு பயனும் உண்டு. ஒரே ஒரு பகுதியைத் தானே எழுதிப் பார்த்த பிள்ளை, அதன் பிறகு எந்தத் தொடரையும் பழைய கண்ணால் பார்க்காது. கடிதம் பிரிக்கப்படும் நொடியில் கதை நிறுத்தப்பட்டால், நாளையும் நம்மை அமர்த்துவதற்கான தந்திரம் அது என்று அதற்குத் தெரியும். திடுக்கிடும் இசை எழுந்தால், அங்கே வசனத்தில் வலுவில்லை என்பதும் புரியும். சமையல்காரரின் மகனிடம் பழைய சோற்றைப் புதியதென்று விற்க முடியுமா?

சரி, அமெரிக்காவில் நடப்பது நமக்கு எதற்கு என்பீர்கள். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரி முதல் நாள் தொடங்கிய 'அண்ணா எஃப்.எம்.' இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலியாகும். கோவையிலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அத்தகைய வானொலியை ஏற்படுத்தியது. இவற்றின் ஆற்றல் சிறிது. சுற்றியுள்ள சில கிலோமீட்டருக்குத்தான் எட்டும். ஆனால் நிகழ்ச்சிகளில் பாதியேனும் அப்பகுதி மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் அரசு நெறிமுறைகள் கூறின. அதாவது, கதவு நம் பக்கமும் திறந்திருக்கிறது. வானொலி நாடகத்திற்குப் படப்பிடிப்புக் கருவி வேண்டாம், அலங்காரம் வேண்டாம், குரலும் நல்ல எழுத்தும் போதும். முகம் காட்டத் தயங்கும் நம் பெண்பிள்ளைகளுக்கும் அங்கே இடமுண்டு.

எழுதப் பொருள் இல்லையா? எங்கள் தொண்டாமுத்தூர்ப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தக்காளி விலை சரிந்த நாளில் தோட்டக்காரர் வீட்டில் நிலவும் அமைதி; மலையிலிருந்து யானை இறங்கும் இரவு; நீர் வற்றிய நொய்யல்; பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகள், அத்தாவிடம் மேற்படிப்புப் பற்றிப் பேசத் தைரியம் திரட்டும் மூன்று நாட்கள். எந்தச் சூழ்ச்சிக்கார மாமியாரும் இல்லாமலே ஓராண்டு நடக்கக்கூடிய கதை இது.

அந்த மகளைப் பற்றியே இறுதியாக ஒன்று. 'விஸ்காம்' என்று பிள்ளைகள் சுருக்கிச் சொல்லும் காட்சித் தொடர்பியல் படிக்க வேண்டும் என்று கேட்டால், "அது நமக்கு ஆகாது" என்று பல பெற்றோர் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அவர்களின் அச்சம் பொய்யென்று நான் கூறமாட்டேன். எந்தத் துறைக்கும் வரம்பு வேண்டும். ஆயினும், திரையில் நம் குடும்பங்கள் ஒரு தட்டுப் பிரியாணியாகவும் ஒரு தொப்பியாகவும் மட்டுமே வந்து போகின்றன என்று மனம் வருந்துபவர்களும் அதே பெற்றோர்தாம். நம் வீட்டை அறிந்தவர் எவரும் எழுத முன்வராதபோது, அறியாதவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழி ஏது? "ஆகாது" என்று சொல்வதற்கு முன், "எதைப் பற்றி எழுதுவாய், எடுத்துக் காட்டு" என்று பிள்ளையிடம் ஒருமுறை கேளுங்கள். ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவரட்டும். வீட்டார் அனைவரும் அமர்ந்து அதைப் படித்துப் பாருங்கள். முடிவை அதற்குப் பிறகு எடுக்கலாமே.