குளிசையை நிறுத்தும் கணக்கு

பாரிசவாதம் வந்து தேறியவர்கள் மருந்தை ஏன் இடையில் விட்டுவிடுகிறார்கள் என்று கேட்டால், அலட்சியம் என்றே பலரும் சொல்வார்கள். பார்மசி கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் எனக்கு அப்படித் தெரியவில்லை. அநேகமானோர் கணக்குப் பார்த்தே விடுகிறார்கள். கணக்குத்தான் பிழை.

ஒரு மாதத்திற்கு எழுதிய துண்டைக் கொண்டுவந்து, "பத்து நாளைக்கு மட்டும் தாங்க நானா" என்பார்கள். அடுத்த முறை, "பிரஷர் குளிசையத் தாங்க, கொலஸ்ட்ரோல் குளிசை வேணாம், அதுல ஒண்டும் தெரியல்ல" என்பார்கள். வியாபாரியின் மூளைக்கு இது நியாயம்தான். வருமானம் தராத செலவை யார்தான் வெட்டமாட்டார்? தலைவலிக் குளிசை சற்று நேரத்தில் பலன் காட்டும். அஸ்பிரினோ அடோர்வாஸ்டடினோ எதையும் காட்டாது. நோய் மீண்டும் வராதிருப்பதே அவற்றின் இலாபம். வராத ஒன்றைக் கணக்கேட்டில் எழுத முடியாதே! ஆனால் பாரிசவாதங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று, முன்பு ஒரு தடவை வந்தவருக்கே மீண்டும் வருவதாகும்.

விலையும் ஒரு காரணம், மறுக்கவில்லை. 2022 மார்ச்சில் மருந்து விலை 29 வீதம் ஏறியது. ஏப்ரல் முடிவில் 60 வகை மருந்துகளுக்கு மேலும் 40 வீதம். 2023 ஜூனில் 16 வீதம் குறைக்கப்பட்டது. ஆயினும் இதற்கிடையில் அரைவாசி வாங்கப் பழகியவர்களில் பலர் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. கம்பனிப் பெயர் பார்த்து அடம்பிடிப்போரும் உண்டு. அதே மருந்து பொதுப்பெயரில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்து பாடுபட்டதும் இதற்காகத்தான். (பொதுப்பெயர் மருந்தை விற்றால் எமக்கு இலாபம் குறைவு என்பது வேறு விடயம்.)

அரச வைத்தியசாலை கிளினிக்கில் மருந்து இலவசம். ஆனால் நாட்சம்பளத்துக்கு நிற்கும் கடைச் சிப்பந்திக்கு அன்றைய சம்பளம் போய்விடும். இங்குதான் எமது முதலாளிமார் மீது எனக்குக் குறை. ஊழியர் விழுந்த பின் சத்திரசிகிச்சைக்குத் தாராளமாகக் கொடுப்பவர்கள், மாதத்தில் ஒரு காலைப்பொழுதைச் சம்பளத்துடன் விட யோசிக்கிறார்கள். ஸகாத் கேட்டு வருவோரும் சத்திரசிகிச்சைக்கே கேட்கிறார்கள். மாதாந்தக் குளிசைக்குக் கேட்க வெட்கப்படுகிறார்கள்.

நோன்பு மாதத்தில் நிறுத்தி, பெருநாளுக்குப் பிறகு அப்படியே மறந்துவிடுவோர் இன்னொரு சாரார். நாளுக்கு ஒருமுறை குடிக்கும் குளிசைகளில் பலவற்றை இப்தாருக்கோ ஸஹருக்கோ மாற்றிக்கொள்ளலாம். ஷஃபான் மாதத்திலேயே வைத்தியரிடம் கேட்டுவிட வேண்டும்.

காசு போதாதென்றால், எதைக் குறைப்பது என்று கவுண்டரில் நின்று எங்களிடம் கேட்காதீர்கள். எழுதிய வைத்தியரிடமே விலையைச் சொல்லுங்கள். மலிவான மாற்று இருந்தால் அவரே எழுதித் தருவார்.